ஐ முதல் என் வரை: ஃபோர்ட்ரான் போட்ட ஒரு விதி

1978-ல், கட்டடப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பீமின் பெண்டிங் மொமென்ட் கணக்கிட ஃபோர்ட்ரான் மொழியில் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். கார்டுகளில் பஞ்ச் செய்து மாலையில் கொடுத்தால், மறுநாள் விடை அச்சாகி வரும். பீமின் சொந்த எடை மீட்டருக்கு 1.35 டன், மேலே வரும் சுமை 1.40 டன். இரண்டையும் கூட்டி வைத்த மாறிக்கு 'லோட்' என்று பெயர் கொடுத்தேன். ஆறு மீட்டர் நீளத்துக்கு விடை 9 டன்-மீட்டர் என்று வந்தது. பிழை என்று கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேலதிகாரி தாளை வாங்கி, ஸ்லைடு ரூலை இரண்டு முறை நகர்த்திப் பார்த்தார். "பன்னிரண்டுக்கு மேல வரணுமே தம்பி. ரெண்டே முக்கால் டன்னை ரெண்டு டன்னா போட்டிருக்கே. முக்கால் டன் எங்கே போச்சு?" என்றார்.

அந்த முக்கால் டன்னைத் தின்றது 'லோட்' என்ற பெயரின் முதல் எழுத்து. ஃபோர்ட்ரானில் ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகளில் ஒன்றில் தொடங்கும் பெயர், நாம் வேறு வகை என்று அறிவிக்காவிட்டால், முழு எண். மற்ற எழுத்துகளில் தொடங்கினால் தசம எண். 'லோட்' எல் எழுத்தில் தொடங்குகிறது. 2.75-ல் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டிவிட்டு 2-ஐ மட்டும் வைத்துக்கொண்டது.

இப்படி ஒரு விதியை யார், ஏன் போட்டார்கள்?

1953 இறுதியில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்ற இளைஞர், கணிதச் சூத்திரத்தை அப்படியே எழுதினால் இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் ஒரு கம்பைலர் செய்யலாம் என்று மேலிடத்துக்கு யோசனை சொன்னார். 1957 ஏப்ரலில் அது ஐபிஎம் 704 கணினிக்காக வெளிவந்தது. கையால் எழுதிய இயந்திரக் கட்டளைகளின் வேகம் கம்பைலருக்கு வராது என்று பலரும் நினைத்த காலம் அது. அதனால் குழுவின் கவலையெல்லாம் வேகத்தில்தான். மொழியை வடிவமைப்பதை ஒரு கஷ்டமான காரியமாகவே தாங்கள் நினைக்கவில்லை, போகப்போக உருவாக்கிக்கொண்டோம் என்று பேக்கஸே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அவர்கள் வைத்துக்கொண்ட எண் வகைகள் இரண்டே இரண்டு: முழு எண், தசம எண். கணிதத்தில் வரிசை எண்ணைக் குறிக்க ஐ, ஜே, கே, என் என்று எழுதுவது பழைய வழக்கம். அதையே விதியாக்கினால் வகையைத் தனியாக அறிவிக்க வேண்டியதில்லை. பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் கணினியின் ஒரு சொல் 36 பிட். ஓர் எழுத்துக்கு 6 பிட் என்றால் ஆறு எழுத்து கச்சிதமாக அடங்கும். கார்டு பஞ்ச் செய்பவர்கள் இடைவெளிகளை எண்ணுவதில் தவறுவார்கள் என்று, இடைவெளிக்குப் பொருளே இல்லை என்று வைத்தார்கள். ஒவ்வொன்றும் அன்றைக்கு நியாயமான முடிவுதான்.

ஆனால் சூத்திரம் எழுதும் கணித அறிஞரின் கண்ணோடு பார்த்தவர்கள், பொறியாளரின் கண்ணோடு பார்க்கவில்லை. லோட், லெங்த், மாஸ், மொமென்ட், இனர்ஷியா என்று எங்கள் அளவுகளில் பாதி அந்த ஆறு எழுத்துகளுக்குள்தான் வருகின்றன. அத்தனையும் தசமத்தில் வருபவை. எழுத்துப் பிழையும் இதே வழியில் தப்பித்துவிடும். ஒரு பெயரைத் தப்பாக அடித்தால், புதிதாக ஒரு மாறி பிறந்துவிட்டது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும்.

1960-ல் வந்த அல்கால் 60 மொழி, ஒவ்வொரு மாறியின் வகையையும் முதலிலேயே அறிவிக்க வேண்டும் என்றது. ஃபோர்ட்ரானிலும் 1960-களிலேயே அறிவிக்க வழி வந்துவிட்டது; கட்டாயம்தான் வரவில்லை. 'இம்ப்ளிசிட் நன்' என்று ஒரு வரி எழுதி இந்த விதியை முழுவதுமாக நீக்கிக்கொள்ளும் வசதி, 1991-ல் வெளியான ஃபோர்ட்ரான் 90 தர நிர்ணயத்தில்தான் இடம் பெற்றது. அந்த வரியை எழுதாவிட்டால் இன்றைக்கும் பழைய விதியே நடக்கும். மாற்றினால் உலகெங்கும் உள்ள பழைய புரோகிராம்கள் ஓடாமல் போகும். சில கார்டுகளை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு, கார்டுகள் போய்ப் பல வருஷங்கள் ஆன பிறகும் நிற்கிறது.

அன்று மாலையே 'லோட்' என்பதை 'எக்ஸ்லோட்' என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். மறுநாள் 12.375 வந்தது. பழைய பொறியியல் புரோகிராம்களில் பெயருக்கு முன்னால் இப்படி ஒரு எக்ஸ் அல்லது ஏ ஒட்டிக்கொண்டிருப்பதை இளைஞர்கள் பார்த்தால் சிரிக்கலாம். எனக்கு அந்த ஸ்லைடு ரூல்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு அவர் கையால் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், 9-க்குப் போட வேண்டிய கம்பியோடு அந்த பீம் நின்றிருக்கும்.