திரையில் உடைந்த 'பொ': ஒளிப்பட மென்பொருளும் வரைகலை அட்டையும் தமிழ் எழுத்தும்

பெங்களூரின் தென்பகுதியில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளி, 2007-இல் பெருநகர மாநகராட்சி உருவாக்கப்பட்டபோது நகரோடு இணைந்த நகராட்சிகளுள் ஒன்று. ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள 'ஹள்ளி' தமிழ்ப் 'பள்ளி'யோடு உறவுடைய சொல். பழங்கன்னடத்தின் மொழிமுதல் பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்ததற்கு மாணவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்றுகளுள் இதுவும் ஒன்று. கணினித் திரையில் இந்திய எழுத்துகள் ஏறிய வரலாற்றை விளக்கவும் இதே ஊர்ப்பெயர் போதுமானது.

முதலெழுத்தான 'பொ'வை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு அதில் மூன்று உறுப்புகள் தெரிகின்றன: ஒற்றைக்கொம்பு, பகரம், கால். ஒருங்குறியில் சேமிக்கப்படுபவை இரண்டே குறிகள்: முதலில் பகரம், அடுத்து ஒகர உயிர்க்குறி. சேமிப்பில் பின்னால் நிற்கும் அக்குறி, திரையில் பகரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கவேண்டும். கன்னடத்தில் இதே பெயரை எழுதும்போது சிக்கல் வேறிடத்தில் எழுகிறது. 'ம்ம', 'ள்ளி' ஆகிய இரட்டிப்புகளில் இரண்டாம் மெய் முதல் மெய்யின் கீழே இறங்கி அமரவேண்டும். இந்தப் பிரிப்பையும் இறக்கத்தையும் செய்யவேண்டியது அட்டையா, எழுத்துருவா, இயங்குதளமா, மென்பொருளா என்ற வினாவுக்குக் கடந்த நாற்பதாண்டுகளில் நான்கு விடைகள் தரப்பட்டன. ஒவ்வொரு விடையும் அதற்கு முந்தைய விடையில் எழுதப்பட்ட பனுவல்களைப் படிக்க இயலாதவையாக்கியது.

முதல் விடை, அட்டை. 1980-களில் கான்பூர் ஐஐடியில் தொடங்கி, 1988-இல் நிறுவப்பட்ட புணே சி-டாக்கில் வளர்ந்த 'ஜிஸ்ட்' தொழில்நுட்பம், கணினிக்குள் செருகும் ஒரு வன்பொருள் அட்டையாக வெளிவந்தது. டாஸ் காலத்து மென்பொருள்கள் திரைக்கு அனுப்பும் எழுத்துக்குறிகளை அது இடைமறித்து, இந்திய எழுத்துகளாக வரைந்து காட்டியது. மென்பொருள் தமிழையோ கன்னடத்தையோ அறிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்திலக்கணம் அட்டைக்குள் இருந்தது. இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே குறியேற்றமாகிய இஸ்கி, 1991-இல் இந்தியத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. ஒருங்குறியின் இந்திய எழுத்துப் பகுதிகளும் அதன் 1988-ஆம் ஆண்டு வடிவத்தையே அடியொற்றின. ஆனால் விண்டோஸ் பரவியபோது, திரையை எழுத்துக் கட்டங்களாகப் பார்க்கும் முறையே மறைந்தது. மென்பொருள்கள் ஒவ்வொரு புள்ளியையும் தாமே வரையத் தொடங்கியதும், எழுத்துக் கட்டங்களை இடைமறித்த அட்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. வரைகலை ஏற்பாடு மாறியதால் இந்திய எழுத்து திரையிலிருந்து விழுந்த முதல் நிகழ்வு இதுவெனலாம்.

இரண்டாம் விடை, எழுத்துரு. 256 இடங்கள் கொண்ட எட்டு பிட் எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துவிட்டால் எந்த மென்பொருளும் தமிழைக் காட்டும். பாமினி, வானவில் அவ்வையார், ஸ்ரீலிபி எனப் பல எழுத்துருக் குடும்பங்கள் இவ்வழியில் பரவின. பாமினியில் 'தமிழ்' என்னும் சொல், ஆங்கில ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவது அவ்வளவே. 'பொ'வின் மூன்று உறுப்புகளும் எழுதும் வரிசையிலேயே தட்டப்பட்டன. மென்பொருள் எதையும் பிரிக்கவேண்டியதில்லை. இந்த எளிமையே டிடிபி தொழிலை வளர்த்தது. அதன் விலையையும் அக்காலத்தவர் அறிந்தே இருந்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் பொதுக் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டது அதனால்தான். கர்நாடகத்தில் கன்னட கணக பரிஷத்தின் 'நுடி' இதற்கு இணையான முயற்சி.

மூன்றாம் விடை, இயங்குதளம். விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடும் யூனிஸ்கிரைப் என்னும் வடிவாக்கப் பொறியோடும் வந்தது. பிரித்தல், முன்பின் மாற்றல், இணைத்தல் ஆகியவற்றை இனி இயங்குதளமே செய்யும். இங்கே வரலாறு ஒரு கிளை பிரிகிறது. 1990 பிப்ரவரியில் மேக்கின்டோஷுக்காக வெளியான ஃபோட்டோஷாப், எழுத்துகளை வரைவதற்குத் தனக்கெனப் பொறி வைத்திருந்தது. ஒரே கோப்பு இரு இயங்குதளங்களிலும் ஒரேவிதமாகத் தோன்ற அது உதவியது. ஆனால் இயங்குதளம் கற்றுக்கொண்ட தமிழ் அதற்குள் நுழையவில்லை. நோட்பேடில் செம்மையாகத் தெரிந்த 'பொம்மனஹள்ளி', ஃபோட்டோஷாப்பில் ஒட்டப்பட்டதும் கொம்பு இடம்மாறி உடைந்தது. 2004 மார்ச்சில் வெளிவந்த கிம்ப் 2.0, பாங்கோ நூலகத்தின் வழியாக இச்சிக்கலைக் கடக்கும் பாதையைத் திறந்தது. எனினும் அச்சுக்குத் தேவையான நால்வண்ண முறை அதில் இல்லாமையால், அச்சகங்கள் அதன்பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை.

தமிழக அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியோடு டேஸ்16 என்னும் குறியேற்றத்தையும் ஏற்றதை இப்பின்னணியில் காணவேண்டும். டேஸ்16-இல் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக்குறி உண்டு. எனவே வடிவாக்கப் பொறியே தேவையில்லை. ஒருங்குறியை முழுமையாக ஏற்காத மென்பொருள்களுக்கு மாற்றாகவே அது முன்வைக்கப்பட்டது. மொழியியலார் சிலர் இதனைத் தமிழின் அசைத்தன்மை குறித்த கோட்பாட்டு விவாதமாகவே நோக்குவதுண்டு. அந்த விவாதத்துக்கு அடியில், அச்சுத்துறை மென்பொருள்களின் பதிப்புநிலை என்னும் நடைமுறைக் காரணமும் இருந்தது.

நான்காம் விடை, மென்பொருளின் புதிய பதிப்பு. இதுவே மிகச் சிக்கலானது. 2008-இல் வெளியான அடோபி சிஎஸ்4 தொகுப்பில் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. இன்டிசைனுக்குள் பல எழுத்துமுறைகளையும் கையாளும் வேர்ல்ட்-ரெடி கம்போசர், பயனர் தொடுவதற்கான பொத்தான் எதுவுமின்றி மறைவாக இடம்பெற்றது. ஃபோட்டோஷாப், படத்தைப் பெரிதாக்கவும் சுழற்றவும் ஓபன்ஜிஎல் வழியாக வரைகலை அட்டையைப் பயன்படுத்தத் தொடங்கியது. முதல் மாற்றம் தமிழை உள்ளே கொண்டுவரும் பாதை. இரண்டாம் மாற்றம் பழைய கணினிகளை வெளியே நிறுத்தும் பாதை. 2012-இல் இன்டிசைன் சிஎஸ்6 தமிழ், கன்னடம் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளை வெளிப்படையாக ஏற்றது. அதே ஆண்டின் ஃபோட்டோஷாப் சிஎஸ்6, விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கினாலும், முப்பரிமாண வசதிகளையும் வரைகலை அட்டை சார்ந்த சில வசதிகளையும் அங்கே தரவில்லை. 2013 முதல் வந்த கிரியேட்டிவ் கிளவுட் பதிப்புகள் எக்ஸ்பியை முற்றாகக் கைவிட்டு, சந்தாமுறைக்கும் மாறின. ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான பொறி கிடைத்தது இந்தப் புதிய பதிப்புகளில்தான்.

வரைகலை அட்டை என்பது தனித்தியங்கும் கருவி அன்று. அட்டைக்கும் மென்பொருளுக்கும் இடையே டிரைவர் எனப்படும் இயக்கி உண்டு. அதனை எழுதுவது அட்டை உற்பத்தியாளர். ஓர் அட்டை பழையதானதும் அதன் டிரைவர் புதுப்பிக்கப்படுவது நின்றுவிடும். மென்பொருளோ தொடர்ந்து புதிய வசதியை எதிர்பார்க்கும். ஃபோட்டோஷாப், அட்டையும் டிரைவரும் நம்பத்தக்கனவா என ஒரு சிறு சோதனை நிரலால் அறிந்த பின்னரே அவற்றைப் பயன்படுத்துகிறது. டார்க்டேபிள் போன்ற கட்டற்ற மென்பொருள்கள், பிழையுள்ள டிரைவர்களின் விலக்குப் பட்டியலையே தம்முள் வைத்துள்ளன. ஆப்பிள் 2018-இல் ஓபன்ஜிஎல்லை வழக்கொழியும் தொழில்நுட்பமென அறிவித்தது. அப்பழைய அடித்தளத்தில் நின்ற முப்பரிமாண வசதிகளை 2021 முதல் அடோபி கைவிடத் தொடங்கியது. அண்மைப் பதிப்புகள் டைரக்ட்எக்ஸ் 12-ஐ ஏற்கும் அட்டையைக் கோருகின்றன.

இவற்றை ஒன்றாக வைத்து நோக்கினால் ஒரு முடிவு துலங்கும். ஒருங்குறித் தமிழைச் செம்மையாக எழுதும் திறனும், புதிய வரைகலை அட்டையைக் கோரும் விதியும் ஒரே பொட்டலத்தில் கட்டப்பட்டு வந்தன. எழுத்தைச் சரியாக அமைப்பதற்கு வரைகலை அட்டை தேவையே இல்லை. அது சில அட்டவணைகளைப் படித்துச் செய்யும் சிறு கணக்கு. ஆயினும் அக்கணக்கைப் பெறப் புதிய பதிப்பும், அதனை நிறுவப் புதிய இயங்குதளமும், அதற்கேற்ற டிரைவருள்ள புதிய கணினியும் வேண்டியிருந்தன. பொம்மனஹள்ளி போன்ற இருமொழிப் புறநகரிலும், தமிழகச் சிற்றூரிலும், திருமண அழைப்பிதழும் பிளெக்ஸ் பேனரும் அச்சிடும் சிறு கடைக்கு இவ்வளவும் மாற்றக் காரணம் இருக்கவில்லை. 2002-இல் வந்த ஃபோட்டோஷாப் 7.0-வும் பழைய எழுத்துருவும் வேலையை முடித்துக் கொடுத்தன. எட்டு பிட் எழுத்துருக்கள் நீடித்ததற்குப் பயனரின் அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்வது இதனால் பொருந்தாது.

இழப்பு மொழி ஆய்வுக்குரியது. 1990-களிலும் அதன்பின் வந்த இரு பத்தாண்டுகளிலும் அச்சான நோட்டீசுகள், மலர்கள், சிற்றிதழ்கள், நினைவுக் குறிப்புகள் பலவும் அன்றாடத் தமிழின் அரிய சான்றுகள். அவற்றின் மூலக்கோப்புகளில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் எதுவும் அகப்படாது. எழுத்துருவின் பெயர் தெரிந்தால், அதற்குரிய மாற்று அட்டவணையைக் கொண்டு, கொம்புகளை முன்பின் மாற்றி ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். பெயர் தெரியாவிட்டால் ஊகிக்கவேண்டும். படமாகத் தட்டையாக்கப்பட்ட கோப்பில், எழுத்துணரியைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே இக்காலப் பனுவல்களைத் திரட்டும் மாணவர், நூலின் பெயரையும் ஆண்டையும் குறிப்பதோடு நிறுத்தலாகாது. கோப்பு எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் உருவானது, எந்த எழுத்துருவில் அமைந்தது என்பவற்றையும் பதியவேண்டும். எழுத்துருக் கோப்பையும் உடன் காக்கவேண்டும். ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர் சுவடியின் எழுத்தமைதியைக் குறிப்பது போன்றதே இதுவும். அச்சகங்களின் பழைய கணினிகள் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன்பு செய்துமுடிக்கவேண்டிய களப்பணி இது.