லாரிச் சக்கர, பிரேக் சத்தங்கள்

லாரியின் சக்கரத்திலோ பிரேக்கிலோ புதிதாக ஒரு சத்தம் கிளம்பினால், அது தேய்மானத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது பட்டறைகளின் அன்றாட வேலை. 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் பெயர் மாறிய லாரி நிறுவனமான அசோக் லேலண்டின் ஆலை ஒன்றும் எண்ணூரில் இருக்கிறது.

முதல் கேள்வி, சத்தம் எப்போது வருகிறது என்பதே. சக்கரத்தைக் கழற்றும் முன் டிரைவரிடம் இதைக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

துறைமுக வாசலில் நெடுநேரம் வரிசையில் நிற்கும் டிரெய்லரின் இரும்பு பிரேக் டிரம்மில் உப்புக் காற்றால் மெல்லிய துரு படியும். கிளம்பியதும் முதல் சில பிரேக்கில் அது கரகரக்கும், தேய்ந்ததும் அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்தால் பிரேக் லைனிங்கைப் பார்க்க வேண்டும். லைனிங் தேய்ந்து ரிவெட் தலை வெளியே வந்தால், இரும்போடு இரும்பு உரசி டிரம்மில் வளையம் வளையமாகக் கோடு விழும். அந்நிலையில் லைனிங்கை மட்டும் மாற்றினால் போதாது. டிரம்மின் உள்விட்டத்தை அளந்து, அதில் பொறித்திருக்கும் எல்லையைத் தாண்டியிருந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும். ஹப் சீல் கசிந்து கிரீஸ் ஊறிய லைனிங் கீச்சிடும், ஒரு பக்கமாக இழுக்கும். அதைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டுவது ஆபத்து. சீலை மாற்றி, அந்த ஆக்சிலின் இரு பக்க லைனிங்கையும் சேர்த்து மாற்றுவதே முறை.

பிரேக்கைத் தொடாதபோதும் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ஊங்’ என்ற முனகல் ஹப் பேரிங்கிலிருந்து வரக்கூடும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். கையால் சுற்றினால் கரகரப்பு விரலுக்கே எட்டும். சக்கரச் சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று கேட்டால், ஜோடி டயர்களுக்கு இடையில் கல் சிக்கியிருக்கலாம், அல்லது வீல் நட் தளர்ந்திருக்கலாம். நட்டைச் சுற்றி வழிந்த துருக்கோடு தளர்ச்சியைக் காட்டிக்கொடுக்கும்.

காற்று பிரேக்கில் கசிவுக்குச் சோதனை எளிது. காற்று டேங்க் நிறைந்ததும் எஞ்சினை நிறுத்தி, பிரேக் பெடலை மிதித்துப் பிடித்தபடி காதைக் கொடுக்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் ‘உஸ்’ என்று கேட்டால் பிரேக் சேம்பருக்குள் டயாபிரம் கிழிந்திருக்கலாம். பெடலை விட்டதும் ஒருமுறை காற்று வெளியேறுவது இயல்பு.

பின்சக்கரங்களில் உள்ள ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும் யாரும் சட்டென்று பிரிக்கக் கூடாது. உள்ளே இறுகியிருக்கும் சுருள் விடுபட்டால் உயிரைப் பறிக்கும். அதைப் போல்ட்டால் கட்டிய பிறகே தொட வேண்டும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சக்கரத்தை மாட்டியபின் சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.