புறாவிலிருந்து போன் வரை



1850 அளவில் ஐரோப்பியக் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கு வந்தன. பெரிய வியாபாரிகள் இருந்ததோ கொழும்பில். கப்பல் கொண்டுவந்த செய்தியைச் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை புறாக்கள் மூலம் கொழும்புக்கு எடுத்தது. செய்தி பிந்தினால் வியாபாரிக்கு நட்டம். 1858இல் காலி–கொழும்புத் தந்தி வந்தது, புறாக்களுக்கு ஓய்வு.

இன்று கொழும்பில் சரக்கு எடுக்கும் நம் ஊர்க் கடைக்காரர், திருகோணமலைக் கடையின் இருப்பையும் கணக்கையும் போனிலேயே பார்க்கலாம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பல அலுவலகங்கள் வீட்டிலிருந்தே இயங்கின. ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டும் வந்தது.

ஆகவே காசு கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை பயணம் மிச்சம்? கரண்ட் போனால் என்ன வழி? கடவுச்சொல் யார் கையில்?

கணக்குக் கொப்பியை மட்டும் கைவிடாதீர்கள்.