மலைத் தொலைவை அளந்த கருவிகள்

பழனி மலைத்தொடரின் தெற்குச் சரிவில், பெருமாள்மலையிலிருந்து கும்பக்கரைக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது அடுக்கம். இந்தச் சரிவுகளில் கண்ணை நம்பித் தொலைவு சொல்வது கடினம். நடுவே பள்ளத்தாக்கு விழுந்துவிடுவதால், எதிர்ப்பக்கத்துப் பாறைக்கும் பார்ப்பவருக்கும் இடையில் கண் பற்றிக்கொள்ளத் தரையே இருப்பதில்லை. மழை விட்ட காலையில் எதிர்மலை பக்கத்தில் வந்து நிற்கும். கோடை மதியத்தின் மூட்டத்தில் அதே மலை வெகுதூரம் விலகிப்போகும். மலைப்பாதையில் நடப்பவருக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. அவருக்குக் கூப்பிடு தூரம், அரைநாள் நடை என்ற கணக்கே போதும். நில அளவைக்காரருக்கும் நெடுந்தூர இலக்கைச் சுடுபவருக்கும்தான் அது போதாது. இன்று துப்பாக்கி சுடுபவர் கையில் வைத்திருக்கும் தொலைநோக்கிக்கும் தூரமானிக்கும் மூதாதை நில அளவைக் கருவிகளே. அந்த வரலாற்றின் முக்கியமான சில பக்கங்கள் தமிழ் மண்ணில் எழுதப்பட்டவை.

1802 ஏப்ரலில் நில அளவையர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 7.5 மைல், அதாவது 40,006 அடி நீளமுள்ள அந்தக் கோட்டை அளக்க 57 நாள் பிடித்தது. கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. மரப்பெட்டிகளைக் கால்களின் மேல் மட்டமாக நிறுத்தி, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் நிழல் கட்டி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்துப் படித்தார்கள். இந்தக் கவனத்துக்குக் காரணம் உண்டு. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் 100 அடி எஃகு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளும். சங்கிலியை 400 முறை வைத்து எடுக்கும்போது, கவனிக்காத அந்த ஒரு டிகிரி 14 சென்டிமீட்டர் பிழையாகச் சேர்ந்துவிடும். அடிக்கோட்டில் நேரும் பிழையோ அதன்மேல் எழும்பும் ஒவ்வொரு முக்கோணத்திலும் பெருகிக்கொண்டே போகும்.

ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலும் அமையும் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். கால் வைக்க முடியாத மலையுச்சியின் தொலைவையும் இப்படி அறியலாம். கோணம் எடுக்க லாம்டனிடம் இருந்தது லண்டன் கேரி நிறுவனம் செய்த பெரிய தியோடலைட். மூன்றடி விட்டமுள்ள கிடைவட்டம், சுமார் அரை டன் எடை. 1808இல் தஞ்சைச் சமவெளியில் தென்னந்தோப்புகள் பார்வையை மறைத்ததால், அதைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி விமானச் சுவரில் மோதியது. கோண அளவுகள் பொறித்த வட்டம் வளைந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் இங்கிலாந்திலிருந்து புதிய கருவி வரட்டும் என்று காத்திருப்பார்கள். லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்து, வட்டத்தைத் தட்டி இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

பழனி மலைக்குள் முறையான அளவை வந்தது 1821இல். மதுரை, திண்டுக்கல் பகுதிகளின் அளவைக்குப் பொறுப்பேற்றிருந்த லெப்டினன்ட் பி.எஸ். வார்ட் பெரியகுளம் பக்கத்திலிருந்து ஏறி, வெள்ளகவியில் முகாமிட்டு, அங்கிருந்து கொடைக்கானல் மேட்டுக்குப் போனார். அப்போது அங்கே கோடைவாச நகரம் கிடையாது. ஆனால் மலையில் கிராமங்கள் இருந்தன, சாகுபடி இருந்தது, மக்கள் இருந்தார்கள். ஐரோப்பியர் அங்கே குடியேறத் தொடங்கியது 1845 வாக்கில்தான். ஆகவே கொடைக்கானலின் கதையை அந்த ஆண்டிலிருந்து தொடங்குவது சரியாகாது.

மலை அளவையில் கோணத்தைவிட அதிகம் தொல்லை தருவது காற்று. வெயில் ஏறியதும் தரையிலிருந்து கிளம்பும் சூடு, தொலைநோக்கிக்குள் தெரியும் கொடியை நடுங்கவைக்கும்; ஒளி வளைவதால் அடிவானமே சற்று உயர்ந்து தெரியும். மழை கழுவிய காற்றுதான் தெளிவாக இருக்கும் என்பதால் மழைக்காலத்திலேயே வேலை செய்து, காய்ச்சலில் விழுந்த அளவைக் குழுக்கள் பல. லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், இரவில் விளக்குகளையும் பகலில் சூரிய ஒளியைத் திருப்பிக் காட்டும் கண்ணாடிகளையும் குறிகளாக வைத்தார்.

எவரெஸ்டின் பெயர் சிகரத்துக்குச் சூட்டப்பட்டது. அவருடைய கருவிகளைச் சீராக ஓடவைத்தவரைத் தமிழகத்தில்கூடப் பலர் அறியார். அவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசேன். சென்னையில் ஒரு நகைக்கடையில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அவருடைய கைத்திறனைக் கண்ட சர்வேயர் ஜெனரல் வாலன்டைன் பிளாக்கர், அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துப்போனார். 1830இல் அங்கே அரசின் கணிதக் கருவிப் பட்டறை தொடங்கியது. அதன் ஆங்கிலேயக் கருவியாளர் ஹென்றி பேரோ விலகியபின், 1840களில் அந்தப் பதவி மொஹ்சின் ஹுசேனுக்கு வந்தது. பெரிய தியோடலைட்டுகளைச் செப்பனிட்டதில் அவருடைய பங்கை எவரெஸ்டே வெளிப்படையாகப் பாராட்டினார். அந்தப் பட்டறையே விடுதலைக்குப் பின் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அரசு நிறுவனமானது.

அளவைக்காரரின் கணக்கு படைக்குப் போன காரணம் துப்பாக்கிக் குழல். லாம்டன் அடிக்கோடு அளந்த பரங்கிமலை மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமும் ஆகும். பீரங்கிக்குத் தொலைவுக் கணக்கு எப்போதும் தேவைப்பட்டது, காலாட்படைக்குத் தேவைப்படவில்லை. குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்த பழைய துப்பாக்கியில் 100 கஜத்துக்கு மேல் குறி வைப்பதே வீண். உட்புறம் சுருள்வரி வெட்டிய 1853ஆம் ஆண்டு என்ஃபீல்ட் வந்தபின், குறிகாட்டியிலேயே நூற்றுக்கணக்கான கஜங்களுக்கு அளவு பொறித்தார்கள். தொலைவு தெரியாமல் அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே எத்தனை கஜத்தில் ஆளின் முகம் மறையும், எத்தனை கஜத்தில் கைகால் அசைவு தெரியாமல் போகும் என்று வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

கண்பயிற்சி மலைநாட்டில் செல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் படை வாட்கின் என்பவரின் மெகோமீட்டரைக் கையில் எடுத்தது. இரண்டு வீரர்கள் ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து நிற்க, இருவரும் ஒரே இலக்கைக் கருவியில் பார்ப்பார்கள். கயிறே அடிக்கோடு. அதே காலத்தில் ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரௌட் என்ற இரு பேராசிரியர்கள் அந்த அடிக்கோட்டை ஒரு குழாய்க்குள் அடக்கினார்கள். குழாயின் இரு முனைகளிலும் கண்ணாடி, நடுவில் பார்வைத்துளை. உள்ளே பார்த்தால் இலக்கு இரண்டாக வெட்டுண்டு தெரியும். மேல்பாதி ஒரு கண்ணாடியிலிருந்தும் கீழ்ப்பாதி இன்னொன்றிலிருந்தும் வருகிறது. திருகைச் சுற்றி இரண்டு பாதியையும் ஒட்டவைத்தால், அளவுகோலில் தொலைவைப் படித்துக்கொள்ளலாம். 1892இல் பிரிட்டிஷ் கடற்படை இதை ஏற்றது.

அழகான கருவிதான். ஆனாலும் அதற்கு ஒரு பிறவிக் குறை இருந்தது. தொலைவு இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். 1,000 மீட்டரில் 5 மீட்டர் பிசகுவது 2,000 மீட்டரில் 20 மீட்டர் பிசகும். குழாயை நீட்டினால் பிழை குறையும். போர்க்கப்பலுக்குப் பல மீட்டர் நீளத்தில் செய்ததன் காரணம் அதுவே. மலையேறுகிறவர் அதைத் தோளில் சுமக்க முடியாது.

அந்தக் குறையைக் களைந்தது 1960இல் பிறந்த லேசர். துடிப்பாக அனுப்பிய ஒளி இலக்கில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரமே தொலைவைச் சொல்லிவிடும். ஒரு மைக்ரோவினாடியில் திரும்பினால் இலக்கு 150 மீட்டரில் இருக்கிறது. அடிக்கோடே வேண்டாம். சில ஆண்டுகளிலேயே படைகள் இதை ஏற்றன. 1990களில் சட்டைப்பைக்குள் அடங்கும் தூரமானி கடைக்கு வந்தது. இதை வாங்குவோர் பெட்டிமேல் அச்சிட்ட உச்ச தூரத்தை அப்படியே நம்பக் கூடாது. அது ஒளியை நன்றாகத் திருப்பும் பரப்புக்கான எண்; மரத்துக்கும் பாறைக்கும் வெகுவாகக் குறையும். ஒளிக்கற்றை விரிவதும் முக்கியம். 2 மில்லிரேடியன் (மில்) அகலமுள்ள கற்றை 1,000 மீட்டரில் 2 மீட்டர் பரவி, இலக்குக்கு முன்னால் நிற்கும் புதரின் தொலைவைக் காட்டிவிடும். கொடைக்கானல் சரிவுகளில் ஏறிவரும் மூடுபனியோ கற்றையை வழியிலேயே திருப்பி அனுப்பும். முதல் எதிரொளியை விட்டுவிட்டுக் கடைசியாக வருவதைப் படிக்கும் வசதியுள்ள கருவி இங்கே கூடுதல் விலைக்குத் தகும்.

மலையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று சரிவுக் கோணம். 30 டிகிரி சரிவில் கருவி 500 மீட்டர் காட்டினால், கிடைத்தொலைவு 433 மீட்டர்தான். குண்டின் இறக்கம் பெரும்பாலும் இந்தக் கிடைத்தொலைவையே சார்ந்தது; மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் சமவெளிக் கணக்கில் குறிவைத்தால் குண்டு மேலே போய்விடும். சாய்வளவைக் கிடைத்தொலைவாக மாற்றும் இந்தக் கணக்கை வார்ட் காலத்து அளவையர் தாளில் போட்டார்கள். இன்று அதைத் தூரமானிக்குள் இருக்கும் சில்லு போடுகிறது.

சுடும் இடமும் மாறிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 2013இல் கொடைக்கானல் காடுகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. வரையாட்டைப் பார்க்க இன்று மலைக்கு வரும் தொலைநோக்கிகள் துப்பாக்கியின்றி வருகின்றன. மகிழத் தக்க மாற்றம். துப்பாக்கி சுடுதல் மைதான விளையாட்டாகியிருக்கிறது. தேசியச் சங்கம் 1951இல் அமைந்தது. 10, 50, 300 மீட்டர் என்று அளந்து கட்டிய மைதானத்தில் தூரமானிக்கு வேலை இல்லை. குண்டு பட்ட இடத்தைக் காட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் அங்கே தேவை. மின்னணு இலக்கு உள்ள இடங்களில் அதற்கும் வேலை குறைந்துவிட்டது.

தொலைவு சொல்லாத போட்டிகளில் தூரமானி, ஸ்பாட்டிங் ஸ்கோப் இரண்டும் வேண்டும். .308 துப்பாக்கிக்கு 900 மீட்டரில் 25 மீட்டர் தவறிப்போனால், குண்டு கிட்டத்தட்ட அரை மீட்டர் மேலோ கீழோ விலகும். ஸ்கோப்பின் மில் கோடுகளை வைத்தும் தொலைவு கணிக்கலாம். 50 சென்டிமீட்டர் தட்டு 0.8 மில் காட்டினால் அது 625 மீட்டரில் இருக்கிறது. அதையே 0.85 என்று படித்துவிட்டால் விடை 588 மீட்டர். மின்கலம் தீர்ந்த நேரத்துக்கு இந்தத் திறமை உதவும், தூரமானிக்கு ஈடாகாது.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், முதலில் வாங்க வேண்டியது நல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் ஆடாத முக்காலியும். தூரமானியை நண்பரிடம் இரவல் வாங்கலாம். காற்றைப் படிக்கும் பழக்கத்தை இரவல் வாங்க முடியாது. இலக்குக்குச் சற்று முன்பாகக் குவித்துப் பார்த்தால், கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியும். அந்த ஓட்டமே காற்றின் திசை. 60 மடங்கு உருப்பெருக்கம் விளம்பரத்தில் கவர்ச்சியாக இருக்கும். 80 மில்லிமீட்டர் முன்வில்லையில் அந்த அளவுக்குப் பெருக்கினால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 1.3 மில்லிமீட்டராகச் சுருங்கிப் படம் மங்கும். கானலும் அறுபது மடங்கு கொதிக்கும். வெயில் ஏறிய பிறகு 20க்கும் 30க்கும் இடையில் வைத்துப் பார்ப்பதே அனுபவசாலிகளின் வழக்கம்.