மைதான வாசலுக்கு உள்ளே சோடா என்ன விலை?



கால்பந்து பார்க்கப் போகிறவர்களுக்குப் பழகிப்போன விஷயம் இது. வெளியே பெட்டிக்கடையில் வாங்கும் அதே பாட்டில், வாசலைத் தாண்டினால் விலை கூடிவிடும். வேறு பானம் கேட்டால் "இது மட்டும்தான் சார்" என்பார்கள். இது எப்படி வந்தது என்பதும் ஒரு சரித்திரப் பாடம்தான். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நம் கோலி சோடா பாட்டிலுக்கு 1872இல் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். உள்ளே அடைத்த வாயு, கண்ணாடிக் கோலியை மேலே தள்ளி, கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கும். மூடியும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். கழுவிக் கழுவி நிரப்பலாம். அதனால் சின்ன ஊரில்கூட ஒரு மெஷினை வைத்துக்கொண்டு ஒருவர் சோடா போட முடிந்தது. உள்ளே இருக்கும் தண்ணீரைவிடப் பாட்டிலுக்கு மதிப்பு அதிகம் என்பதால், நின்ற இடத்திலேயே குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலியில்லாத மைதானத்தில் சோடாக்காரர் விலையை ஏற்றினால் பக்கத்தில் மோர்ப்பானை இருக்கும், நன்னாரி சர்பத் இருக்கும். விலையைக் கட்டுக்குள் வைத்தது பக்கத்துக் கடைதான்.

கம்பெனிக் கலரும் நம் ஊரிலிருந்தே வந்தது. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் பொவொண்டோ இன்றும் கடையில் கிடைக்கிறது. 1977இல் ஜனதா ஆட்சியில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சராக இருந்தபோது, அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்குகளைக் குறைக்க மறுத்து கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது. அரசின் மாடர்ன் பேக்கரி 'டபுள் செவன்' என்ற பானத்தைக் கொண்டுவந்தது. பார்லே கம்பெனி தம்ஸ் அப் கொண்டுவந்தது. 1993இல் கோகோ கோலா திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. கடையில் பெயர்கள் பல இருந்தாலும் முதலாளி ஒருவரே என்ற நிலை அப்போது வந்தது.

உலகக் கோப்பையில் இது இன்னும் வெளிப்படை. கோகோ கோலா 1978 முதல் உலகக் கோப்பையின் அதிகாரபூர்வ விளம்பரதாரர். மைதானத்துக்குள் எந்தப் பானம் விற்கலாம் என்பதை ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. 2022இல் கத்தாரில் போட்டி தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, மைதானங்களைச் சுற்றி பீர் விற்பனை கிடையாது என்று அறிவித்தார்கள். ரசிகர் திடலில் மட்டும் அரை லிட்டர் 50 ரியால், அதாவது சுமார் 1,100 ரூபாய். விற்பதையும் நிறுத்துவதையும் மேலே உள்ளவர்கள் முடிவு செய்தார்கள். டிக்கெட் வாங்கியவரை யாரும் கேட்கவில்லை.

சரி, நம் சட்டம் என்ன சொல்கிறது? 1990இல்தான் எல்லா வரிகளையும் சேர்த்து அதிகபட்ச விலையை அச்சிடும் முறை வந்தது. ஒரே பொருளுக்கு மைதானத்துக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை என்று இரண்டு எம்.ஆர்.பி. அச்சிடக் கூடாது என்ற விதி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஹோட்டலும் உணவகமும் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம், அங்கே சேவையும் சேர்ந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தது. மைதானக் கடையில் மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. அங்கே என்ன சேவை? இன்னொரு வழியும் இருக்கிறது. பாட்டிலைத் திறந்து காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்தால் கப்பின் மேல் விலை அச்சாகியிருக்காது. பாட்டிலை வீசுவார்கள் என்று பாதுகாப்புக் காரணம் சொல்வார்கள். அது நியாயமான காரணம்தான். ஆனால் கூடவே விலையும் மறைந்துவிடுகிறது.

கலர் குடிக்காமல் இருந்துவிடலாம். தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியுமா? இங்கிலாந்தில் மது விற்க உரிமம் பெற்ற இடங்கள், கேட்டவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2010 முதல் விதி இருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. நமக்குப் பக்கத்தில் பண்ருட்டி அருகே திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசரின் பெயரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. 1867இல் வடலூரில் வள்ளலார் தருமசாலை தொடங்கினார். பசித்தவரிடமும் தாகித்தவரிடமும் விலை பேசாத மண் இது.

நெய்வேலிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் நீரின் அழுத்தம் சுரங்கத்தின் தரையையே மேலே தள்ளிவிடும் என்பதால் இரவு பகலாகத் தண்ணீரை இறைக்கிறார்கள். நிலத்தடி நீர் இறங்கிப் போவது சுற்றுக் கிராமத்து விவசாயிகளின் நீண்ட நாள் குறை. இப்படி நீரை இறைத்துத்தான் நம் ஊரே நிற்கிறது. இங்கே விளையாட வரும் பிள்ளைகள் தண்ணீருக்குக் காசு கொடுக்கக் கூடாது.

உங்களில் பலர் இப்போது போட்டிகள் நடத்துகிறீர்கள். இரண்டு காரியம் செய்யுங்கள். கடைக்கு இடம் விடும்போது ஒருவருக்கே மொத்தமாகக் கொடுக்காதீர்கள், இளநீர்க்காரருக்கும் மோர்க்காரருக்கும் இடம் கொடுங்கள். வாசலுக்கு உள்ளே ஒரு குடிநீர்க் குழாயோ, பானையோ வையுங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் யாராவது கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

உங்கள் ஊர் மைதானத்தில் என்ன கிடைக்கிறது, என்ன விலை என்று கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.