நானோ மின்சுற்றுகளில் வெப்பக் கட்டுப்பாடு

சில்லுக்குள் டிரான்சிஸ்டர்கள் இயங்கும்போது பிறக்கும் வெப்பத்தை எவ்வழியாக வெளியேற்றுவது, எங்கே தடுப்பது என்று ஆராயும் துறை இது. இத்துறையின் முக்கியமான சோதனைகளில் பங்குகொண்டவர் ராமா வெங்கடசுப்பிரமணியன். சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பயின்றவர்.

சிலிக்கானில் வெப்பத்தைப் பெரும்பாலும் சுமப்பவை அணுக்களின் அதிர்வுகள். இவற்றுக்கு ஃபோனான் என்று பெயர். டிரான்சிஸ்டரின் பாகங்கள் மிகச் சிறியவை என்பதால் ஃபோனான்கள் விளிம்புகளில் மோதிச் சிதறுகின்றன, வெப்பம் தேங்குகிறது. கட்டியான சிலிக்கானின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 148 வாட். 22 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் கம்பியில் அது 10 வாட்டுக்கும் கீழே இறங்குவதை 2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 1822இல் ஃபூரியர் நூலாக வெளியிட்ட வெப்பக் கடத்தல் விதி இந்த அளவில் அப்படியே பொருந்துவதில்லை.

வெப்பம் தானாகப் பாய வேண்டுமானால் வெளியே குளிர்ச்சி வேண்டும். மே மாதத்தில் சென்னை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் கைப்பேசி திணறுவது அதனால்தான்: உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் குறைந்ததும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

மின்சாரம் கொடுத்து வெப்பத்தை எதிர்த்திசையில் தள்ளவும் முடியும். இது 1834இல் பெல்டியர் கண்டறிந்த விளைவு. இதற்கு வேண்டிய பொருள் மின்சாரத்தை நன்றாகக் கடத்த வேண்டும், வெப்பத்தைக் கடத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்து அமைவது அரிது. வெங்கடசுப்பிரமணியனும் சக ஆய்வாளர்களும் பிஸ்மத் டெல்லூரைடையும் ஆன்டிமனி டெல்லூரைடையும் சில நானோமீட்டர் தடிமனில் மாறிமாறி அடுக்கினார்கள். எலக்ட்ரான்கள் தடையின்றிக் கடந்தன. ஃபோனான்கள் அடுக்குகளுக்கிடையே சிக்கிக்கொண்டன. சில்லுப் பொறியாளருக்குத் தலைவலியான அதே தடையை ஆதாயமாக்கிய அழகான யோசனை! 2001இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் அறிவித்த செயல்திறன் குறியீடு, அறை வெப்பநிலையில் 2.4. அதுவரை வழக்கிலிருந்த பொருள்களுக்கு அது ஏறத்தாழ 1.

இன்டெல் ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய அடுக்குகளாலான மென்படலக் குளிர்விப்பான் சில்லின் உறைக்குள்ளேயே பொருத்தப்பட்டது. சதுர சென்டிமீட்டருக்கு 1,300 வாட் வெப்பம் கொட்டும் புள்ளியில் வெப்பநிலையில் 15 டிகிரி செல்சியஸ் வரை குறைவு ஏற்பட்டது. சில்லு முழுவதையும் குளிர்விக்காமல், கொதிக்கும் இடத்தை மட்டும் குறிவைத்ததே இதன் சிறப்பு.

குளிர்விப்பான் இயங்கவும் மின்சாரம் செலவாகிறது. அந்த வெப்பமும் சேர்ந்தே வெளியேற வேண்டும். எனவே விசிறியும் உலோகத் தகடும் இன்னும் தேவைப்படுகின்றன.