பட்டிப்பூ போன பாதை

கற்பிட்டி மையவாடி மணலில் யாரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல் வருஷம் முழுக்கப் பூப்பது பட்டிப்பூ. புத்தகத்தில் நித்தியகல்யாணி, சிங்களத்தில் மினிமல். ஆடு வாய்வைக்காது. ஊருக்குள் திரியும் கழுதைகள்கூட விட்டுவிட்டுப் போகும், அவ்வளவு கசப்பு. நம் கரையோடு பிறந்த செடி என்றுதான் இங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். அதன் சொந்த ஊர் மடகஸ்கார். பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் விதை பாரிஸ் போய், அங்கிருந்து லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்துக்குப் போனது. 1759இல் லின்னேயஸ் அதற்குப் பெயர் வைத்தார். பிறகு கப்பல் தொட்ட வெப்பக் கரைகளிலெல்லாம் இறங்கி வேர்விட்டது.

நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் டிஸ்பென்சராக இருந்து ஓய்வுபெற்றவன். மருந்து கொடுக்கும் ஜன்னலில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. "நானா, சீனிக்குப் பட்டிப்பூ அவிச்சுக் குடிச்சா நல்லமா?" என்பதுதான். இதே கேள்வியை ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் தென்னாபிரிக்காவிலும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி தப்பான இடத்துக்குப் போய்ச் சரியான மருந்தைக் கொண்டுவந்த கதை சுவையானது.

1921இல் டொரொண்டோவில் பான்டிங் இன்சுலினைத் தேடத் தொடங்கியபோது உதவிக்கு இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். யார் முதலில் போவது என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்களாம். வென்ற சார்ல்ஸ் பெஸ்டின் பெயர் இன்சுலினோடு நிலைத்தது. தோற்ற கிளார்க் நோபிளை உலகம் மறந்தது. முப்பது வருஷம் கழித்து, 1952இல், அதே கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே பட்டிப்பூ இலைகள், இருபத்தைந்து. அங்கே சீனி வருத்தக்காரர் இதைத் தேநீராகக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்று செய்தி. அவர் அதை ஒன்டாரியோவில் ஆய்வுகூடம் வைத்திருந்த தம்பி ரொபர்ட் நோபிளிடம் கொடுத்தார்.

ரொபர்ட் இலைச் சாற்றை எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். சீனி இறங்கவில்லை. ஊசியாக ஏற்றினார். சீனி அப்போதும் அசையவில்லை, எலிகள்தான் ஒரு கிழமைக்குள் கிருமி தொற்றிச் செத்தன. இன்னொருவராக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார். அவர் இரத்தத்தைப் பார்த்தார். வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்தன, எலும்பு மச்சை வற்றியிருந்தது. வெள்ளணுவைக் குறைக்கும் பொருள் வெள்ளணு மிஞ்சிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவலாமே என்ற யோசனை அங்கே பிறந்தது. 1954இல் வந்து சேர்ந்த இரசாயனவியலாளர் சார்ல்ஸ் பியர் இலையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் வின்பிளாஸ்டின். 1958இல் நியூயோர்க் கூட்டமொன்றில் அதை அறிவித்தார்கள். அதே செடியை எலி லில்லி என்ற அமெரிக்க மருந்துக் கம்பனியில் கோர்டன் ஸ்வொபோடாவும் துருவிக்கொண்டிருந்தார். அவரைத் தூண்டியதும் பிலிப்பைன்ஸ்காரரின் சீனிக் கஷாயம்தான். அங்கிருந்து வந்த வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்க நுண்குழாய்களைக் கட்டிக்கொள்ளும். இந்த மருந்து அந்தக் குழாய் கட்டவிடாது. பிரிவு பாதியில் நிற்கும், கலம் சாகும். வேகமாகப் பிரிவது புற்றுக் கலம் என்பதால் அடி அங்கே பலமாக விழுகிறது. 1960களின் தொடக்கத்தில் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளை பிழைப்பது அபூர்வம். இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள்வரை பிழைக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கூட்டு மருந்துகளில் வின்கிரிஸ்டின் இன்னும் இருக்கிறது. புத்தளத்துப் பிள்ளைகளும் அதற்காகத்தான் பஸ் ஏறி மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

ஒரு சின்னக் குப்பியில் வின்கிரிஸ்டின் ஒரு மில்லிகிராம். வெளிச்சம் படாமல் பிரிட்ஜில் வைக்கவேண்டும். நாளத்துக்குள் மட்டும் ஏற்றவேண்டும், தவறி முள்ளந்தண்டுத் திரவத்துக்குள் போனால் உயிர் போகும். சரியாக ஏற்றினாலும் விரல் நுனி மரத்துப்போகும், மலம் இறுகும். எடையை இப்படி அளந்து கொடுக்கும் பொருளைக் கைப்பிடி இலையாக அவித்துக் குடிப்பது எனக்குச் சம்மதமில்லை. இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலொயிட்டுகள் இருக்கின்றன. மருந்தாகும் பங்கு அதில் மிகச் சொற்பம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ ஐந்நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். எவ்வளவு அவித்தாலும் கோப்பைக்குள் கென்சர் மருந்து வராது, நஞ்சு வரலாம். கென்சர் ஊசி போட்டு ஏற்கெனவே வெள்ளணு குறைந்தவர் டொக்டருக்குச் சொல்லாமல் இதைக் குடித்தால் அவரை யார் காப்பது?

"வெள்ளைக்காரன் நம்ம மருந்தைக் களவெடுத்துட்டான்" என்று தேத்தண்ணிக் கடையில் அடித்துப் பேசுவார்கள். களவு என்றால் முறைப்பாடு கொடுக்க வேண்டியவர்கள் மடகஸ்காரும் ஜமைக்காவும், நாமல்ல. அந்த நாடுகளுக்குப் பெரிதாக ஒன்றும் போய்ச் சேரவில்லை, கம்பனி நன்றாகச் சம்பாதித்தது என்பதும் உண்மை. ஆனாலும் வெள்ளணு இறங்குவதை நுணுக்குக்காட்டி இல்லாமல் எந்தப் பரிகாரியும் கண்டிருக்க முடியாது.

இப்போது கேள்வி மாறிவிட்டது. வெங்காயமும் மிளகாயும் போடும் பொடியன்மார் "நடலாமா நானா? தூத்துக்குடிப் பக்கம் நட்டு ஏற்றுமதி செய்றாங்களாமே?" என்கிறார்கள். உண்மைதான். தமிழ்நாட்டின் தெற்கு வறண்ட மாவட்டங்களில் வேருக்கும் இலைக்குமாக நித்தியகல்யாணி பயிரிடுகிறார்கள். நம் மணலிலும் வளரும், தோட்டத்துக்குள் மாடு புகுந்தாலும் பயமில்லை. வாங்குகிறவன் யார், நாளைக்கும் வாங்குவானா என்பதைத்தான் யோசிக்கவேண்டும். 2022இல் டென்மார்க்கில் ஓர் ஆய்வுக் குழு, மரபணு மாற்றிய மதுவத்திலேயே வின்பிளாஸ்டினுக்கான இரண்டு மூலப்பொருட்களையும் உண்டாக்கி, அவற்றை இணைத்துக் காட்டிவிட்டது. அது தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தால் இலைக்கு விலை இராது. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது இறால் பண்ணைக்குக் கடன்பட்டவர்கள் பட்ட பாட்டை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. ஒல்லாந்தர் வாய்க்கால் ஓரம் கைவிட்ட குளங்கள் இன்னும் கிடக்கின்றன. வாங்குகிறவனோடு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் கால் ஏக்கரில் போட்டுப் பார், மற்றதில் வெங்காயத்தையே போடு என்று சொல்லி அனுப்புகிறேன்.